நாற்பத்தொரு பெயர்கள்

உம்மு சல்மா இருபத்தாறு ஆண்டுகள் அடுத்தவர்கள் பேசியதைக் கேட்டுத் தட்டச்சு செய்தே பிழைத்தாள். வழக்கு விசாரணைகளின் ஒலிப்பதிவுகள் அவள் வேலை பார்த்த நிறுவனத்துக்கு வரும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மேசைக்கடியில் இருக்கும் மிதியைக் காலால் அழுத்தி நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். சாட்சி திக்கினால் திக்கியபடி அடிப்பாள், அழுதால் அழுதார் என்று குறிப்பாள். குத்து, வெட்டு, விவாகரத்து என்று எத்தனையோ அவள் காது வழியாகப் போயிருந்தன. அவற்றில் ஒரு சொல்லைக்கூட அவள் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்திலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஒருமுறை அவள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கிலேயே ஏழாவது மாடியில் இருந்தவனின் வழக்கு அவள் மேசைக்கு வந்தது. எட்டு மாதம் அவனுடைய தாயோடு ஒரே லிஃப்டில் ஏறி இறங்கினாள். மகன் மலேசியாவில் வேலையாக இருக்கிறான் என்பார் அந்தம்மா. "நல்லது லா, உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்பாள் சல்மா.

கணவர் நூருல் அமீன் தேக்கா சென்டர் சந்தையின் மேல்மாடியில் துணி திருத்தும் கடை வைத்திருந்தார். சட்டையை இறுக்குவது, கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, ஸிப் மாற்றுவது. நாள் முழுக்க யாரோடாவது பேசிக்கொண்டே இருப்பவர். வீட்டிலும் அவர் பேசுவார், இவள் கேட்பாள். ஒரே மகள் நஸீஹா கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள்.

2018ல் அந்த நிறுவனத்துக்குப் புது மென்பொருள் வந்தது. பேச்சை அதுவே எழுத்தாக்கிவிடும் என்றார்கள். சல்மாவோடு சேர்த்துப் பதினோரு பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவளை நெடுநாளாக அறிந்த வழக்கறிஞர் துரைசாமி ஒருநாள் ஃபோன் செய்து, ரங்கூன் ரோட்டில் ஒரு வயதான வெளிநாட்டவர் புத்தகம் எழுதுகிறார், கண் பார்வை மங்கிவிட்டது, சொல்லச் சொல்ல அடிப்பதற்கு நம்பகமான ஆள் தேடுகிறார் என்றார். "நம்பகமான" என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னதைச் சல்மா கவனித்தாள்.

அந்த வெளிநாட்டவர் கெவோர்க் தெர்ஸியன். ஆர்மீனியர். அப்போது எழுபத்தொரு வயது. மலைக்கிராமம் ஒன்றில் பிறந்து, தலைநகரில் சரித்திரம் படித்து, ஆவணக் காப்பகத்தில் பழைய ஏடுகளோடு இருந்தவர். 1991ல் சோவியத் ஒன்றியம் உடைந்து அவருடைய நாடு தனி நாடானபோது அதற்கென்று தூதர்கள் யாரும் இல்லை. நாலு மொழி தெரிந்தவர்களையெல்லாம் அழைத்து வெளியுறவு வேலையில் போட்டார்கள். அப்படித்தான் காப்பகத்துக்காரர் தூதரானார். டெஹ்ரான், பெய்ரூட், டெல்லி என்று இருபது ஆண்டுகள். டெல்லியில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் ஒருத்தியைச் சந்தித்தார். நூலகராக இருந்தவள், பெயர் கமலா. கல்யாணம் செய்துகொண்டு, ஓய்வு பெற்றதும் அவளோடு இங்கே வந்துவிட்டார். 2016ல் கமலா இறந்துபோனாள். ரங்கூன் ரோட்டில் அவள் அப்பா விட்டுப்போன பழைய அடுக்குமாடி வீட்டில் இவர் தனியாக இருந்தார். அக்கம்பக்கத்தார் அவரைக் கமலா வீட்டுக்காரர் என்றுதான் சொன்னார்கள்.

முதல் நாள் அவர் சல்மாவிடம் கேட்ட கேள்வி வேலையைப் பற்றியதே அல்ல. சென்னையில் ஆர்மீனியன் தெருவுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார். அவளுடைய வாப்பா சென்னையில் கொஞ்ச காலம் கடையில் இருந்தவர், அதனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அரண்மனைக்காரன் தெரு என்றாள். அர்த்தத்தைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். வியாபாரம் செய்யப் போனவர்களை உங்கள் ஆட்கள் அரண்மனைக்காரர்களாக ஆக்கிவிட்டார்கள் என்றார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்தது ரொம்பக் குறைவு.

வேலை ஒழுங்காகப் போயிற்று. காலை ஒன்பது மணிக்குப் போவாள், மூன்று மணிக்குக் கிளம்புவாள். அவர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லுவார். சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த ஆர்மீனிய வணிகர்களைப் பற்றிய அத்தியாயங்கள் முதலில் முடிந்தன. பிறகு ஒருநாள் உள்ளறையிலிருந்து ஒரு தகரப்பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அதில் பழைய ஒலிநாடாக்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் மட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் பிறந்த மலைநாட்டில் ஆர்மீனியருக்கும் முஸ்லிம்களான அஸெரியருக்கும் போர் நடந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் துரத்தினார்கள். அந்தக் காலத்தில், இன்னும் கீழ்நிலை அதிகாரியாக இருந்த தெர்ஸியன், தன் சொந்த முயற்சியில் ஒரு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். எதிர்ப்பக்கத்து அண்டைவீட்டாரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்திருக்கிறார். இரு பக்கத்திலும் அப்படி நாற்பத்தொரு பேர் கிடைத்தார்கள். நாடாவில் பெயர் வராது, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லமாட்டேன், நீங்கள் போனபிறகு உங்கள் பிள்ளைகள் வந்து கேட்டால் சொல்வேன். இதுதான் அவர் கொடுத்த வாக்கு.

அந்தக் குரல்கள் பேசிய மொழிகள் சல்மாவுக்குப் புரியாது. அவர் நாடாவை ஓடவிட்டு நிறுத்தி ஆங்கிலத்தில் சொல்ல, அவள் அடிப்பாள். ஆனாலும் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எங்கே பொய் சொல்ல நினைத்து வேண்டாமென்று விடுகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. பதினேழாம் எண் ஒரு பெண். பக்கத்துவீட்டு அஸெரிப் பெண்ணையும் அவள் கைக்குழந்தையையும் ஒன்பது நாள் வைக்கோல் கொட்டகையில் ஒளித்துவைத்தவள். தேடி வந்த சொந்த ஊர்க்காரர்களுக்கு முற்றத்தில் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறாள், குழந்தை அழுதுவிடக்கூடாதே என்று உரக்கப் பாடிக்கொண்டு. அதைச் சொல்லும்போது அந்தக் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது.

2020 செப்டம்பரில் அங்கே மறுபடி போர் தொடங்கியது. அந்தப் போர் நடந்த நாற்பத்து நாலு நாளில் தெர்ஸியனுக்குப் பத்து வயது கூடிவிட்டது. தொலைக்காட்சியை அணைக்கவே மாட்டார். அதே சமயம்தான் வேறு சிலவும் நடக்க ஆரம்பித்தன. ஃபோன் அடிக்கும், எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். கீழே தபால்பெட்டியின் பூட்டு நெளிந்திருந்தது. ஒருநாள் தெர்ஸியன் மருத்துவரிடம் போய்த் திரும்பியபோது, கதவைப் பார்த்தபடி இருக்கும் அவருடைய நாற்காலி சன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பூட்டு உடையவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. தானே திருப்பி வைத்து மறந்திருப்பார் என்று சல்மா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அவர் மறக்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் அவர் வேலையைத் தொடங்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை மூடச் சொன்னார்.

"நான் ஒரே ஒரு பெயரை எழுதினேன், மேடம்" என்றார். "ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். இரண்டு குடும்பங்களைக் காப்பாற்றியவர். அவருக்கு உதவித்தொகை கிடைக்கட்டுமென்று நல்லெண்ணத்தோடு மேலிடத்து அறிக்கையில் எழுதினேன். அறிக்கை எத்தனை கை மாறியது என்று தெரியாது. மூன்று வாரத்தில் அவரை ஆற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். கொன்றது அவருடைய சொந்த ஆட்களேதான்."

சல்மா எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் தொடர்ந்தார்.

"மற்ற பெயர்கள் ஒரு தாளில் இருக்கின்றன, எங்கள் எழுத்தில். அதை இனி இந்த வீட்டில் வைத்திருக்க முடியாது. என் தலையையும் நம்ப முடியாது. உங்கள் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்."

அவளுக்கு மறுத்துவிட வேண்டும்போல் இருந்தது. கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கத்தால்தான் அவள் இத்தனை ஆண்டுகள் தூங்கினாள். ஆனால் அந்த மனிதரின் கை மேசைவிளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, சரி என்றாள். ஒரு நிபந்தனை போட்டாள். நோட்டு இங்கேயே என் மேசை இழுப்பறையில் இருக்கட்டும், தமிழ் எழுத்து அவர்களுக்குப் புரியாது, வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்.

பதினொரு நாள் ஆயிற்று. ஜாலான் புசார் கடையொன்றில் வாங்கிய கோடு போட்ட சின்ன நோட்டில் தமிழில் எழுதினாள். அவர்கள் மொழியில் 'க' மட்டும் மூன்று விதமாக ஒலித்தது, தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து. கோஹார் என்று எழுதிவிட்டு அதை எப்படி உச்சரிப்பது என்று நாலு தடவை சொல்லிப்பார்த்தாள். அவர் பொறுமையாகத் திருத்தினார். அஸெரியர் பெயர்கள் அவள் வாய்க்குச் சுலபமாக வந்தன. அதில் ஒருத்தி ஸகீனா. சல்மாவின் உம்மா பெயர். எழுதும்போது பேனா ஒருகணம் நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அந்த ஆள் விடைகொடுக்கும்போது தெர்ஸியன் கையில் என்ன கொடுத்தார் என்றும் குறிக்கச் சொன்னார். நாடாவில் இல்லாத விஷயம் அது, நாளைக்கு யாராவது பொய் சொல்லிக்கொண்டு வந்தால் சோதித்துப் பார்க்க உதவும் என்றார். வால்நட், தேன், ஒரு சீப்பு. பதினேழாம் எண்ணுக்கு நேரே, ஒரு சோடிக் காலுறை, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். நாற்பத்தொன்றாவதாக அந்த ஆசிரியரின் பெயரைச் சொன்னார். அதன் பக்கத்தில் எதுவும் எழுதச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் தன் தாளை அவர் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கழிவறையில் கொட்டினார்.

ஜனவரியில் ஒருநாள் சாப்பிடும்போது நூருல் அமீன் கடைக்கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு வெள்ளைக்காரர் வர்றாரு சல்மா. நல்ல கால்சட்டை, தச்ச மாதிரி இருக்கு. போன வாரம் அரை இன்ச் குறைக்கச் சொன்னாரு. இன்னைக்கு அதே அரை இன்ச்ச இறக்கி விடச் சொல்றாரு."

"எந்த ஊராம்?"

"கேட்டேன், சிரிச்சாரு. மாஸ்க்குக்குள்ள சிரிச்சா என்ன தெரியுது. உன்னப் பத்தித்தான் பேசினாரு. காலையில எட்டு பத்து ரயில்ல மூணாவது பெட்டியிலதான உங்க மனைவி ஏறுவாங்க, கூட்டமா இருக்குமேன்னாரு. ஒனக்குத் தெரிஞ்சவர்னு நெனச்சேன்."

சல்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். தெரிந்தவர்தான் என்றாள். கல்யாணமாகி முப்பது ஆண்டில் அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. மறுநாள் முதல் வேறு வேறு நேரத்து ரயில்களில் ஏறினாள். தெர்ஸியனிடம் நடந்ததைச் சொன்னாள். இனி வரவேண்டாம் என்றார். இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கிறதே சார் என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அந்த ஆள் எந்தப் பக்கத்தவன் என்று அவள் கேட்டதற்கு, இரண்டு பக்கத்திலும் இந்தப் பெயர்களைத் துரோகிகளின் பட்டியல் என்றுதான் சொல்வார்கள், அதனால் பக்கம் தெரிந்து பயனில்லை என்றார். ஜூலையில் கையெழுத்துப்படி முடிந்தது. எண்கள் மட்டும் போட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி காலை தெர்ஸியன் சமையலறையில் விழுந்துகிடந்தார். பக்கவாதம். சல்மாதான் போய்ப் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தாள். உயிர் பிழைத்தது, பேச்சு போய்விட்டது. கொரோனாக் கட்டுப்பாட்டினால் ஒரு நோயாளியைப் பார்க்க ஒருவரைத்தான் விட்டார்கள். அவருக்கு இங்கே உறவில்லை, அதனால் சல்மாவின் பெயரைப் பதிந்துகொண்டார்கள். இரண்டாம் நாள் மதியம் வார்டிலிருந்து இனியா என்ற தாதி ஃபோன் செய்தாள். நோயாளியின் மருமகன் என்று ஒருவர் வந்து, தாள், நோட்டு ஏதாவது மாமாவின் பொருட்களோடு இருக்கிறதா என்று கேட்டாராம். பார்வையாளர் பட்டியலில் பெயர் இல்லாததால் உள்ளே விடவில்லை. "ரொம்பப் பணிவாத்தான் பேசினாரு ஆன்ட்டி. ஆனா நோயாளி எப்படி இருக்காருன்னு மட்டும் கேக்கவே இல்ல" என்றாள்.

சல்மா நேராக ரங்கூன் ரோட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. தெர்ஸியன் கொடுத்திருந்த மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே போனால் எல்லாம் வைத்தது வைத்தபடி. உள்ளறையில் தகரப்பெட்டி இருந்த இடத்தில் மட்டும் தூசியில்லாத ஒரு சதுரம். அவள் தன் மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். பழைய தமிழ் முரசு நாளிதழ்த் தாள்கள், ஒரு தைல டப்பி, மருந்துச் சீட்டுகள், நடுவில் அந்த நோட்டு. தாள்களெல்லாம் கலைந்திருந்தன. யாரோ அந்த நோட்டைக் கையில் எடுத்து, புரியாத எழுத்தைப் பார்த்து, வேலைக்காரியின் கணக்கு என்று நினைத்துத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கூப்பிடு தூரத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பது அந்த ஆளுக்கு எப்போது உறைக்குமோ தெரியாது.

நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனாள். அதிகாரி மரியாதையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பூட்டு உடைபடவில்லை, காணாமல்போனவை பழைய நாடாக்கள், சொந்தக்காரரால் பேச முடியவில்லை. விசாரிக்கிறோம் என்றார். நோட்டைப் பற்றி அவள் அவரிடமும் வாய் திறக்கவில்லை.

இதை எங்கே வைத்தாலும் அது அந்த இடத்தில் இருக்கும். இருப்பதை எடுத்துவிட முடியும். வீட்டுக்குப் போகிற ரயிலிலேயே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. சின்ன வயதில் மதரஸாவில் ஓதி மனப்பாடம் செய்த மாதிரிதான். ஒரு பெயர், பிறகு அந்தப் பெயரோடு அடுத்த பெயர், பிறகு மூன்றும். ஃபேரர் பார்க்கிலிருந்து செங்காங்குக்கு எட்டு நிறுத்தம். நிறுத்தத்துக்கு ஐந்து பெயர் என்று பிரித்துக்கொண்டாள். எட்டு ஐந்து நாற்பது. ஆசிரியரின் பெயரை மின்படியில் ஏறும்போது சொன்னாள். முகக்கவசத்துக்குள் உதடு அசைவது யாருக்கும் தெரியாது. மருத்துவமனைக்குப் போகும்போதும் வரும்போதும் பத்து நாள் இதே வேலை. தெர்ஸியனின் படுக்கையருகே குனிந்து மெதுவாகச் சொல்லிக்காட்டுவாள். தவறினால் அவர் கண்ணை இறுக மூடுவார். பதினோராம் நாள் அவர் கண்ணை ஒருமுறைகூட மூடவில்லை. அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு வந்தாள்.

சீனர்களின் ஏழாம் மாதம் அது. புளோக்குக்குக் கீழே, இறந்தவர்களுக்காகக் காகிதம் எரிக்கும் பெரிய தகர உருளைகள் வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் சல்மா கீழே போய், அங்கே நின்றிருந்த சீன மூதாட்டியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து நெருப்பில் போட்டாள். முக்காடு போட்ட பெண் இங்கே என்ன எரிக்கிறாள் என்று மூதாட்டி கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். தமிழ் எழுத்துகள் கருகிச் சுருண்டு சாம்பலாகும்வரை சல்மா நின்று பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் நிலைய மேடையில் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுகோடியில் ஒருவர் வந்து அமர்ந்தார். நன்றாகத் தைத்த கால்சட்டை. முகக்கவசத்துக்கு மேலே நரைத்த புருவங்கள்.

"மேடம் சல்மா" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் இது. அந்தத் தமிழ் நோட்டு மட்டும் போதும்."

"எரிச்சிட்டேன்."

"முழுவதுமா?"

"ஒரு தாள் விடாம."

அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "உங்கள் பழைய அலுவலகத்தில் விசாரித்தேன்" என்றார். "ஒருமுறை கேட்டதை நீங்கள் மறப்பதில்லையாம். அப்படியென்றால் அது அழியவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்."

ரயில் வந்தது. அவள் எழுந்து ஏறினாள். கதவு மூடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு கண்களையும் புருவத்தையும் தவிர அவள் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. அதுதான் பிற்பாடு அவளை வாட்டியது. 2023ல் ரயிலில் எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றியபோது, எதிரே உட்காரும் நரைத்த புருவக்காரர்கள் ஒவ்வொருவரும் அந்த ஆளாக இருந்தார்கள்.

தெர்ஸியன் பேச்சு திரும்பாமலே 2022 மே மாதம் முதியோர் இல்லத்தில் இறந்தார். அதே ஆண்டு சல்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அவள் மூன்று முறை தள்ளிப்போட்டாள். கத்திக்குப் பயப்படுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மயக்க மருந்தில் வாய் உளறிவிடுமோ என்பதுதான் அவள் பயம். வலி தாங்காமல் கடைசியில் ஒத்துக்கொண்டாள். கண்விழித்தபோது நூருல் அமீன் பக்கத்தில் இருந்தார்.

"மயக்கம் தெளியும்போது யார் யாரோ பேரச் சொன்ன" என்றார், குரலைத் தாழ்த்தி. "வரிசையா சொன்ன. நான் நர்ஸ போர்வை எடுத்துட்டு வரச் சொல்லி வெளிய அனுப்பிட்டேன்."

"எத்தன சொன்னேன்?"

"நான் எண்ணல. காதப் பொத்திக்கிட்டேன்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் பயப்படாமல் அழுதாள்.

புத்தகம் 2023ல் வந்தது. முன்னுரையில், தட்டச்சு செய்து உதவியவர் என்று அவளுடைய முதலெழுத்துகளும் சிங்கப்பூர் என்ற ஊர்ப்பெயரும் மட்டும் இருந்தன. அந்த செப்டம்பரில் மலைநாட்டிலிருந்து மிச்சமிருந்த ஆர்மீனியர்கள் காரிலும் டிராக்டரிலும் வெளியேறுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது தன் பட்டியலில் இருப்பார்களா என்று சல்மா வயதான முகங்களாகத் தேடினாள். முதல் போரில் இதேபோல் வெளியேறிய அஸெரியரைப் பற்றியும் அவள் பக்கம் பக்கமாக அடித்திருந்தாள்.

2024 மார்ச்சில் பதிப்பகம் ஒரு கடிதத்தை அனுப்பிவைத்தது. மார்செய் என்ற பிரெஞ்சு நகரிலிருந்து ஒரு பெண் உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அம்மா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். புத்தகத்தில் பதினேழாம் எண்ணாக வரும் பெண் என் அம்மா என்று நினைக்கிறேன். நான் அவள் பெயரை எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

சல்மா அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தாள். மகளாக இருந்தால் பெயரை எழுதப் பயப்படுவது நியாயம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளாக இருந்தால் பெயரைச் சொல்லாமல் பெயரைக் கேட்பதும் நியாயம். நாடாக்கள் அவர்களிடம் இருக்கின்றன. கொட்டகை, தேநீர், பாட்டு எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நோட்டில் மட்டும் இருந்த ஒன்றைக் கேட்டுப் பதிப்பகம் வழியாகவே எழுதினாள். உங்கள் அம்மா அந்த அதிகாரிக்கு என்ன கொடுத்தார்?

ஒரு மாதத்தில் அதே வழியாகப் பதில் வந்தது. தெரியாது, அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பின்னிய பொருளாக இருக்க முடியாது, அம்மாவுக்குப் பின்னவே வராது.

பின்னிய பொருளா என்று இவள் கேட்கவே இல்லை. ஏன் அதைச் சொல்கிறாள்? தெரிந்ததை மறைக்கிறாளா, இல்லை யாரோ தூண்டில் போடுகிறார்களா? சல்மா பதில் எழுதவில்லை. வாரங்கள் போயின. அது உண்மையிலேயே மகளாக இருந்தால், வாக்குக் கொடுத்த மனிதரின் வாக்கை நான்தான் உடைக்கிறேன் என்ற எண்ணம் அவளைச் சோறு இறங்கவிடாமல் செய்தது. மனதிலிருந்த வரிசையில் மூன்று பெயர்கள் அந்த நாட்களில் இடம் மாறி மாறி வந்தன. விடிகாலையில் எழுந்து தொழுதுவிட்டு முதலிலிருந்து சொல்லிப்பார்த்தாள்.

ஜூனில் இன்னொரு கடிதம். என் சித்தியைக் கண்டுபிடித்துக் கேட்டேன். அம்மா கொடுத்தனுப்பியது காலுறை என்றாள் சித்தி. எங்கள் ஊரில் விருந்தாளிக்குப் பின்னிய பொருள்தான் கொடுப்பார்கள், அதனால்தான் முதலில் அப்படி எழுதினேன். பின்னியது சித்தி. சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் மற்றதைச் சாம்பல் நூலில் பின்னினாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு எண்பத்து மூன்று வயது.

சல்மா கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். மூன்று ஆண்டாகக் காற்றில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பெயரை நோட்டை எரித்தபிறகு முதல்முறையாகக் கையால் எழுதினாள், ஆங்கில எழுத்தில், ஒலி தவறாமல் இருக்க இரண்டு விதமாக. வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அனுப்புநர் முகவரியும் போடவில்லை. தபால்பெட்டியின் வாயில் உறையை வைத்தபிறகும் விரல்கள் அதை விடச் சிறிது நேரமாயிற்று. அந்த மனிதரும் நல்லெண்ணத்தோடுதான் ஒரு பெயரை எழுதினார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

பதிலுக்கு ஏழு வாரம் காத்திருந்தாள். பதிப்பகம் வழியாக வந்தது சிறிய கடிதம். அது என் அம்மாவின் பெயர்தான். நன்றி. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடமும்கூட. எங்கள் ஊர்க்காரர்கள் இந்த நகரத்திலும் இருக்கிறார்கள். நீங்களும் கவனமாக இருங்கள்.

காலைச் சாப்பாட்டு மேசையில் சல்மா அதைப் படித்து மடித்தாள். நூருல் அமீன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தபால் முத்திரையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, செருப்பை மாட்டியபடி கேட்டார்.

"இன்னும் எத்தன பேரு பாக்கி?"

"நாப்பது" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே போய்க் கதவைச் சாத்தி, இரும்புக் கிராதியையும் இழுத்துப் பூட்டினார். பிறகு திரும்பி வந்து பூட்டை இன்னொரு முறை ஆட்டிப் பார்க்கும் சத்தம் அவளுக்கு உள்ளே கேட்டது.